எவரோடு ஒப்பிட்டீர்கள்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். எனக்குத் தலைவலி வந்ததில்லை. வருவது என் அக்காவுக்கு. ஆயினும் இரண்டு மாதங்களாக அந்த நோயைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கின்றேன். அதன் விளைவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் பாரூர். ஏரிக்குப் பெயர் பெற்ற ஊர். தென்பெண்ணையின் நீர் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வந்து ஏரியை நிரப்பும். கிழக்கு, மேற்கு என இரு கால்வாய்களின் வழியே வயல்களுக்குப் பாயும். அந்தப் பாசனத்தில் எங்களுக்கென்று ஒரு குழி நிலமும் கிடையாது. அப்பா மாந்தோப்புக் காவலுக்கும், பருவத்தில் காய் பறிக்கவும் போகிறவர். அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியும் மேலே படிக்கவில்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலை, மாலை, இரவு என்று வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்டு. எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் படி எவருடைய சம்பளத்தில் கட்டப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.

வலி தலையின் ஒரு பக்கத்தில் தொடங்கும். நெற்றிப்பொட்டுக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பது போலிருக்கும் என்பாள். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தி வரும். துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டு விடுதி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். அன்றைய சம்பளம் போயிற்று. மாதக் கடைசியில் அட்டெண்டன்ஸ் போனசும் போயிற்று. டாக்டரிடம் காட்டியபோது 'மைக்ரேன்' என்றார். தமிழில் ஒற்றைத் தலைவலி.

சென்ற ஆண்டு இறுதியில் அவள் விடுதி வாசலில் யாரோ ஒரு நோட்டீசைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மருந்தில்லாமல், மூச்சுப் பயிற்சியாலும் உடல் தளர்வுப் பயிற்சியாலும் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கலாம். வந்தவர்களில் பெரும்பாலோர் மூன்றே மாதத்தில் நலமடைந்தனர். கட்டணம் நாலாயிரம் ரூபாய் என்று அதில் அச்சிட்டிருந்தது. அக்கா அதை நான்காக மடித்து வைத்திருந்து, பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது என் கையில் கொடுத்தாள்.

"தம்பி, நீதான் காலேஜுல படிக்கிறியே. இது நெசமா பொய்யான்னு பாத்துச் சொல்லு."

நண்பர்களே, தேர்வில் எத்தனையோ வினாக்களுக்கு விடை எழுதியிருக்கின்றேன். இவ்வளவு கடினமான வினா ஒன்றை இதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போனோம். ஆசிரியர் நல்லவராகத்தான் தெரிந்தார். குணமானவர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்களை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஐயா, இங்கே வராதவர்களுக்கு மூன்று மாதத்தில் என்ன ஆயிற்று?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "வராதவங்களைப் பத்தி எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்றார். உண்மையான பதில்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிலில்தான் எல்லாம் அடங்கியிருக்கின்றது என்று எனக்குத் தோன்றியது.

ஏன் அப்படிக் கேட்டேன் என்றால், நான் மாந்தோப்பில் வளர்ந்தவன். கிருஷ்ணகிரி மாவட்டத்து மாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூழ்த் தொழிற்சாலைக்குப் போகும் பெங்களூரா அவ்வளவாக ஏமாற்றாது. அல்போன்சா இருக்கிறதே, அது ஒரு வருடம் கொத்துக் கொத்தாய்க் காய்த்தால் மறு வருடம் ஓய்ந்து நிற்கும். ஓய்ந்த வருடத்தில் தோட்டக்காரர் மனம் நொந்து ஏதேனும் ஒரு புது மருந்தை வாங்கி ஊற்றுவார். அடுத்த வருடம் மரம் காய்க்கும். "பார்த்தாயா, மருந்து வேலை செய்கிறது!" என்பார். அப்பா மட்டும் மெல்லச் சொல்வார்: "ஊத்தாத மரத்தையும் போய்ப் பாருங்க."

ஒற்றைத் தலைவலியும் இப்படித்தான் ஏறி இறங்கும் நோய். ஒரு மாதம் எட்டு முறை வரும். மறு மாதம் மூன்று முறை வரும். மனிதன் எப்போது சிகிச்சையைத் தேடுகிறான்? எட்டு முறை வந்த மாதத்தில் தேடுகிறான். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், குறைவதற்கே வாய்ப்பு அதிகம். புள்ளியியலில் இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்கின்றார்கள். எங்கள் அப்பா எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் தெரிந்துகொண்டது அது.

இது அக்கா ஒருத்தியின் தொல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும், 18 முதல் 65 வயது வரையுள்ள 2,329 பேரை வீடு வீடாகச் சென்று விசாரித்து, 2015-இல் ஆய்வு முடிவு வெளியிட்டார்கள். ஓராண்டுக் காலத்தில் ஒற்றைத் தலைவலி கண்டவர்கள் நூற்றுக்கு 25 பேருக்குச் சற்று மேல். நால்வரில் ஒருவர்! அவர்களிலும் பெண்களே மிகுதி. எல்லையைத் தாண்டி ஓசூருக்கு வந்தால் இந்த எண்ணிக்கை திடீரென்று குறைந்துவிடும் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. தூக்கம் கெடுவதும், வேளைக்குச் சாப்பிடாததும் இந்த வலியைத் தூண்டக்கூடியவை என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. ஷிப்டு முறையில் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும்.

ஆகவே, தடுப்புச் சிகிச்சை தேவை என்பதில் ஐயமில்லை. மாத்திரைகள் உண்டு. மாத்திரை அல்லாத வழிகளும் உண்டு. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துதல், கருவியைப் பார்த்தபடி உடலின் வெப்பத்தையும் தசை இறுக்கத்தையும் கட்டுப்படுத்தப் பழகுதல், வலியைப் பற்றிய எண்ணங்களையும் அன்றாடப் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவித்தல், தியானம், யோகாசனம் என்று அவை பலவகை. இவற்றைப் பொதுவாக நடத்தைவழிச் சிகிச்சைகள் எனலாம். இவை ஏமாற்று வேலை அல்ல. உலகின் பெரிய மருத்துவமனைகள் இவற்றை ஆராய்ந்திருக்கின்றன. ஆனால் தொடக்கம் எப்படி இருந்தது? 1970-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரில், மென்னிங்கர் நிறுவனத்தைச் சேர்ந்த சார்ஜென்ட், கிரீன், வால்டர்ஸ் ஆகிய மூவர், கைவிரல்களைச் சூடாக்கிக்கொள்ளும் பயிற்சியை ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குக் கற்பித்தார்கள். பலர் நலமடைந்தார்கள். செய்தி உலகெங்கும் பரவிற்று. அந்த முதல் அறிக்கைகளில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவே இல்லை. ஓசூர்ப் பயிற்சி ஆசிரியரின் கோப்புக்கும் அதற்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

'ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா?' என்று கேட்டால் போதும், உண்மை வெளிப்பட்டுவிடும் என்று நான் அப்போது நம்பினேன். எங்கள் துணைப்பாடமான புள்ளியியலை நடத்தும் ஆசிரியரிடம் பெருமையோடு போய்ச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வியில் என் பெருமை போய்விட்டது. "இருக்கிறது என்றே வைத்துக்கொள். அந்தக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள்?"

பையூர் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கின்றது. பையூர் 2 என்னும் கொள்ளு ரகத்தை நம் பகுதி விவசாயிகள் அறிவார்கள். இப்படி ஒரு புதிய ரகத்தைச் சோதிக்கும்போது எதன் பக்கத்தில் விதைப்பார்கள்? வெறும் தரையின் பக்கத்திலா? இல்லை. ஏற்கெனவே விவசாயி விதைத்துக்கொண்டிருக்கும் ரகத்தின் பக்கத்தில். வெறும் தரையோடு ஒப்பிட்டால் எந்த விதையும் வெற்றி பெறும்! நோயாளிகளை வைத்து நடக்கும் ஆராய்ச்சிகளில் சிலவற்றில் இந்த வெறும் தரை இருக்கத்தான் செய்கின்றது. அதற்கு ஒரு மரியாதையான பெயரும் இருக்கின்றது. காத்திருப்புப் பட்டியல்!

மாத்திரை ஆராய்ச்சியில் இந்தச் சிக்கல் குறைவு. மருந்தில்லாத வெற்று மாத்திரையை அதே நிறத்தில், அதே வடிவில் செய்து பாதிப் பேருக்குக் கொடுத்துவிடலாம். தருபவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. வெற்று மாத்திரை ஒன்றுமில்லாதது என்று இகழ்ந்துவிடவும் முடியாது. 2017-இல் அமெரிக்காவில் 8 முதல் 17 வயது வரையுள்ளவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சி முடிவைக் கேளுங்கள். தலைவலி நாள்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள், அமிட்ரிப்டிலின் உண்டவர்களில் நூற்றுக்கு 52 பேர். டோபிராமேட் உண்டவர்களில் 55 பேர். வெற்று மாத்திரை உண்டவர்களில் 61 பேர். அச்சுப் பிழையோ என்று நான் இரண்டு முறை சரிபார்த்தேன். நம்பிக்கையும், வாரந்தோறும் யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற எண்ணமும், நோயின் இயல்பான இறக்கமும் சேர்ந்து இவ்வளவு செய்யும்.

யோகாசனத்துக்கு வெற்று மாத்திரை எங்கே? ஒருவன் தான் ஆசனம் செய்கிறானா இல்லையா என்பது அவனுக்கே தெரியாமல் ஆசனம் செய்ய முடியுமா? முடியாது. அதனால்தான் இத்தகைய ஆராய்ச்சிகளில் எதிர்க் குழுவுக்கு என்ன கொடுப்பது என்பதில் ஆளுக்கொரு வழி தேடியிருக்கின்றார்கள். அந்த வழிகள் யாவும் கட்டுரைகளில் 'ஒப்பீட்டுக் குழு' என்ற ஒரே பெயரில் வருகின்றன. என் வழக்கு இதுதான்: அந்த ஒரே பெயர் நம்மை ஏமாற்றுகின்றது.

காத்திருப்புப் பட்டியலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு இன்றே பயிற்சி தொடங்குவார்கள். மற்றப் பாதிப் பேரிடம், "உங்களுக்கு மூன்று மாதம் கழித்து" என்பார்கள். ரேஷன் கடையில் அரிசி தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா என்றால் அந்த ஒரு வாரம் நாம் எப்படி இருப்போம்? வேறெங்கும் வாங்காமல் காத்திருப்போம். ஏமாந்த மனத்தோடும் இருப்போம். அவர்களும் அப்படித்தான். எப்படியும் பயிற்சி வரப்போகின்றது என்று தாமாக எதையும் முயலாமல் இருக்கலாம். மூன்று மாதம் கழித்து, "தலைவலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "அப்படியேதான்" என்று சொல்லத் தோன்றும். பயிற்சி பெற்றவரோ, வாரந்தோறும் தன்னிடம் அன்பாகப் பேசிய ஆசிரியருக்காகவேனும், "பரவாயில்லை" என்பார். இரண்டுக்கும் இடையே தெரியும் தூரம் முழுவதையும் மூச்சுப் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமாகுமா? காத்திருப்புக் குழுவுக்கும் ஒரு பயன் உண்டு. நோயின் இயல்பான இறக்கத்தை அது கழித்துக் கொடுக்கும். மாமரக் கணக்குக்கு அது போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது.

அடுத்தது 'வழக்கமான சிகிச்சை'. நம் நாட்டு யோகாசன ஆராய்ச்சிகளில் முக்கியமான சில இந்த வகையைச் சேர்ந்தவை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 60 நோயாளிகள். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை, மறு சாராருக்கு அதனோடு ஆறு வாரம் யோகா. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையார் 2020-இல் வெளியிட்டது இன்னும் பெரியது. முடிவுவரை இருந்தவர்கள் 114 பேர். எல்லாருக்கும் மருந்தும், தூக்கம், உணவு பற்றிய அறிவுரையும் உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக யோகா: முதல் மாதம் வாரத்துக்கு மூன்று நாள் நிலையத்தில், அடுத்த இரண்டு மாதம் வாரத்துக்கு ஐந்து நாள் வீட்டில். யோகாக் குழுவில் மாதத்துக்கு 9.1 ஆக இருந்த தலைவலி 4.7 ஆயிற்று. மருந்து மட்டும் பெற்ற குழுவில் 7.7 ஆக இருந்தது 6.8 ஆயிற்று.

இதைப் படித்ததும் அக்காவுக்கு உடனே போன் செய்யலாமா என்று என் கை துடித்தது. பிறகு மீண்டும் படித்தேன். தொடக்கத்திலேயே ஒரு குழு 9.1, மற்றது 7.7. உயரத்தில் நிற்பவன் கீழே இறங்க இடம் அதிகம். இது சிறிய ஐயம்தான். இதனால் ஆய்வு வீணாகிவிடாது. பெரிய ஐயம் வேறு. யோகாக் குழுவினர் ஒரு மாதம் முழுவதும் ஆசிரியரைப் பார்த்தார்கள், அவரோடு பேசினார்கள். மற்றவர்களுக்கு அந்த மணிகள் கிடைக்கவில்லை. குறைந்த தலைவலியில் ஆசனத்தின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு என்பதை இந்த ஒப்பீட்டால் பிரிக்க இயலாது. பிரித்துக் காட்டுவது அந்த ஆய்வின் நோக்கமும் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 'வழக்கமான சிகிச்சை' என்ற சொல்லின் மேல் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். எய்ம்ஸில் வழக்கம் என்றால் நரம்பியல் மருத்துவர், தடுப்பு மருந்து, அறிவுரை. என் அக்காவின் வழக்கம் என்ன? விடுதிக்கு எதிரே உள்ள மெடிக்கல் ஷாப்பில் ஓர் அட்டை வலி மாத்திரை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உண்டால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. டில்லியின் வழக்கமும் ஓசூரின் வழக்கமும் ஒரே சொல்லால் குறிக்கப்படும்போது, டில்லியில் கிடைத்த முடிவு ஓசூருக்கு அப்படியே பொருந்தும் என்று எப்படி நம்புவது? பொருந்தலாம், இன்னும் அதிகமாகவும் பலன் தரலாம். ஆனால் அது நாம் ஊகிப்பது. அவர்கள் அளந்தது அன்று.

ஆசனத்தையும் ஆளையும் பிரிக்க விரும்பியவர்கள் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார்கள். எதிர்க் குழுவையும் அதே எண்ணிக்கை நாள்கள் வரவழைத்து, அதே நேரம் உட்காரவைத்து, தலைவலியைப் பற்றிப் பாடம் மட்டும் நடத்துவது. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் நடந்து 2013-இல் வெளிவந்த ஆராய்ச்சியில் 10 முதல் 17 வயது வரையுள்ள 135 பேர், அடிக்கடி தலைவலியால் வாடியவர்கள். அனைவருக்கும் ஒரே மருந்து. ஒரு சாராருக்கு எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை. மறு சாராருக்குத் தலைவலிப் பாடம். 20 வாரங்களில் முதல் குழுவில் மாதத்துக்கு 11.5 நாள் குறைந்தது. பாடம் கேட்ட குழுவில் 6.8 நாள் குறைந்தது. பாடம் கேட்டவர்களும் எவ்வளவு நலமடைந்தார்கள் பாருங்கள். அதையும் தாண்டி அந்தச் சிகிச்சை வென்றிருக்கின்றது என்றால் அந்த வெற்றியை நான் நம்புவேன்.

2021-இல் அமெரிக்காவிலேயே வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில் 89 பெரியவர்கள். ஒரு குழுவுக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சி. மறு குழுவுக்கு எட்டு வாரத் தலைவலிப் பாடம். தியானக் குழுவில் மாதத்துக்கு 1.6 நாள் குறைந்தது. பாடக் குழுவில் 2.0 நாள் குறைந்தது. நாள் கணக்கில் தியானம் வெல்லவில்லை. ஆனால் வலியால் அன்றாட வாழ்வு முடங்குவதும் மனச்சோர்வும் தியானக் குழுவில் கூடுதலாகக் குறைந்தன. இதே தியானத்தைக் காத்திருப்புப் பட்டியலோடு ஒப்பிட்டிருந்தால் 'தியானம் தலைவலியைக் குறைக்கிறது' என்று செய்தி வந்திருக்கக்கூடும் என்பது என் கருத்து. தியானம் ஒன்றுதான், பக்கத்து வயல் மாறினால் விளைச்சலைப் பற்றிய பேச்சும் மாறிவிடும்.

இன்னும் துணிவான வழி, நன்றாகத் தெரிந்த சிகிச்சையோடேயே நேருக்கு நேர் நிறுத்துவது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 232 பேரை நான்காகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் வலி வந்தால் போட்டுக்கொள்ள நல்ல மருந்து. அதனோடு சிலருக்குத் தடுப்பு மாத்திரை. சிலருக்கு வெற்று மாத்திரை. சிலருக்குப் பயிற்சியும் வெற்று மாத்திரையும். சிலருக்குப் பயிற்சியும் தடுப்பு மாத்திரையும். 2010-இல் வெளியான முடிவு: பயிற்சியையும் தடுப்பு மாத்திரையையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மாதத்துக்கு 3.3 தாக்குதல் குறைந்தது. மற்ற மூன்று குழுவினருக்கும் ஏறத்தாழ இரண்டுதான் குறைந்தது. நான்கு குழு இருந்ததால்தான் இது தெரிந்தது.

இப்படிப் பலமான எதிராளியோடு மோதிப் பார்க்கும் துணிவுக்கு நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நோய் வேறு, ஒப்பிட்ட விதம் இதுவே. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா என்று கேட்டது. அக்காலத்தில் காசநோய் என்றால் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்கை, முட்டை, பால், ஓய்வு. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல் பிரித்து, ஒரு பாதியை வீட்டிலும் மறு பாதியை மருத்துவமனையிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டுச் சிகிச்சையை, சிகிச்சையே இல்லாதவர்களோடு ஒப்பிட்டிருந்தால் வெற்றி எளிதாக இருந்திருக்கும். ஆனால் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அன்று கிடைத்த மிகச் சிறந்த சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். மருத்துவமனைக் குழுவில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டுக் குழுவில் 86 பேருக்கும் நோய் அடங்கிற்று. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு, காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தும் முறைக்கு உலகெங்கும் வழி திறந்தது. பாலும் முட்டையும் வாங்க வழியில்லாத சென்னைச் சேரிக் குடும்பங்களில் நிரூபிக்கப்பட்ட உண்மை அது. நம் பாடப் புத்தகத்தில் இது இல்லை, இருந்திருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமன்று. 'ஒப்பீட்டுக் குழு' என்று மொட்டையாக எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்தக் குழு என்ன பெற்றது என்பதையே அதன் பெயராக வையுங்கள். 'காத்திருந்தவர்கள்', 'மெடிக்கல் ஷாப் மாத்திரை உண்டவர்கள்', 'நரம்பியல் மருத்துவர் தந்த மருந்தை உண்டவர்கள்', 'அதே நேரம் பாடம் கேட்டவர்கள்', 'தடுப்பு மாத்திரை பெற்றவர்கள்'. பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரே எண்ணாகச் சொல்கிறவர்களும், காத்திருந்தவர்களையும் பாடம் கேட்டவர்களையும் ஒரே கூடையில் கொட்டாமல் இருக்க வேண்டும். 2024-இல் அமெரிக்க அரசின் உடல்நல ஆராய்ச்சி அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, எண்ணமும் பழக்கமும் சார்ந்த சிகிச்சை, தளர்வுப் பயிற்சி, தியானம் ஆகியவை ஒற்றைத் தலைவலியின் தாக்குதலைக் குறைக்கக்கூடும் என்றும், அதற்கான சான்றின் வலிமை குறைவு என்றும் கூறுகின்றது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் 'கூடும்' என்ற சொல்லிலேயே நிற்கிறோம் என்றால், அதில் ஒரு பங்கு எதிர்க் குழுக்களைச் சேரும் என்றே கருதுகின்றேன்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் இதை மறுத்தான். "அப்படியானால் பாடம் கேட்ட குழுவோடு ஒப்பிட்டது மட்டுமே நல்ல ஆராய்ச்சி, மற்றதெல்லாம் குப்பை என்று சொல்லிவிடேன்" என்றான். நானும் சில நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது நினைக்கவில்லை. எது நல்ல ஒப்பீடு என்பது, கேட்பவருடைய கேள்வியைப் பொறுத்தது. மூச்சுப் பயிற்சி உடலில் எப்படி வேலை செய்கின்றது என்று அறிய விரும்பும் விஞ்ஞானிக்குப் பாடம் கேட்ட குழு வேண்டும். அக்காவுக்கு அது வேண்டாம். தன் நோவு குறைந்தது ஆசனத்தாலா, ஆசிரியரின் அன்பாலா என்பது அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல. எதனால் குறைந்தாலும் அன்றைய சம்பளம் மிச்சம். அவளுடைய கேள்வி: 'இப்போது நான் செய்துகொண்டிருப்பதோடு இதையும் சேர்த்தால், நாலாயிரம் ரூபாய்க்கும், இரவு ஷிப்டு முடிந்த பின் ஒரு மணி நேரத் தூக்கத்துக்கும் ஈடாகுமா?' இதற்கு 'வழக்கமான சிகிச்சை'யோடு ஒப்பிட்டதே சரியான ஒப்பீடு. ஆனால் அந்த வழக்கம் அவளுடைய வழக்கமாக இருக்க வேண்டும். ஓசூர் ஷிப்டுத் தொழிலாளர்களை அப்படிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு எதுவும் என் தேடலில் அகப்படவில்லை. நாற்பது கிலோமீட்டரில் நிம்ஹான்ஸ் இருக்கின்றது. ஓசூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் முறை வைத்து இரவில் விழித்திருக்கின்றார்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்முறைப் பதிவேடு எழுதும்போது, 'ஒப்பீடு: வைக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கின்றேன். இந்த ஆண்டு அந்த வரியின் பக்கத்தில் 'எதனோடு?' என்று பென்சிலால் எழுதினேன். ஆசிரியர் அதை அழிக்கச் சொல்லவில்லை.

அக்காவிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். 'நெசமா பொய்யா' என்ற கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். நாலாயிரத்தை இப்போது கட்ட வேண்டாம். முதலில் அரசு மருத்துவமனை டாக்டரிடம் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேள். மாத்திரை அட்டையை எண்ணி வை. ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் வலி வந்ததா, எத்தனை மாத்திரை, எந்த ஷிப்டு, எத்தனை மணி நேரத் தூக்கம் என்று எழுது என்றேன். இரண்டு மாதம் ஒன்றும் புதிதாய்ச் செய்யாமல் எழுதினால், பிறகு எதைச் செய்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்கென்று ஒரு கணக்கு இருக்கும். இதுவும் அரைகுறை ஒப்பீடுதான். ஷிப்டு மாறினால் கணக்கு மாறும், அது எனக்குத் தெரியும். "இத்தனை படிச்சிட்டு நோட்டுப் போடச் சொல்றியே!" என்று சிரித்தாள். ஆனால் எழுதுகிறாள்.

நேற்றிரவு போனில் படித்துக் காட்டினாள். இருபத்து மூன்று நாள் ஆகியிருக்கின்றது. வலி வந்தது ஏழு நாள். அதில் ஐந்து இரவு ஷிப்டு வாரத்தில். மாத்திரை பதினாறு. திங்கட்கிழமை மறுபடியும் இரவு ஷிப்டு.